ஒரு கம்பி அறுந்தால்…

மண்சரிவுக்குப் பயந்து குடியிருப்பை மாற்றிக்கொண்ட குடும்பங்கள் வலப்பனைப் பக்கத்திற்குப் புதிதல்ல. 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தவிலும் மலை சரிந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் நுவரெலியா மாவட்டத்தையே உலுக்கியது. வீடு ஒரு பக்கம், தோட்டம் இன்னொரு பக்கம் என்றாகிவிட்டால், இடையிலுள்ள தூரத்தை நாம்தான் கடக்க வேண்டும். பஸ் வராத பாதையில் சைக்கிள் பெரிய துணை.

இதை நாடே அனுபவத்தில் கண்டிருக்கிறது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய மக்களில் பலர் சைக்கிளில்தான் மூட்டைகளைக் கட்டிச் சென்றனர். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோதும் பழைய சைக்கிள்கள் மீண்டும் தெருவுக்கு வந்தன.

மலைப்பாதையில் சுமையேற்றும் சைக்கிளில் முதலில் அறுவது பெரும்பாலும் பின்சில்லுக் கம்பியே. பாரத்தில் பெரும்பகுதி பின்னால் விழுகிறது. அதிலும் செயின் ஓடும் வலப்பக்கக் கம்பிகளே அதிக இழுவிசையைத் தாங்குகின்றன. ஹப் துளைக்குள் வளைந்து நுழையும் இடத்தில்தான் கம்பி வழக்கமாக முறிகிறது.

"ஒன்றுதானே, போகட்டும்" என்று விடக்கூடாது. அதன் பாரம் பக்கத்துக் கம்பிகளுக்குப் போகும். அவையும் அறுக்கத் தொடங்கும். சில்லு நெளிந்து பிரேக்கில் உரசும். இறக்கத்தில் அது உயிருக்கே ஆபத்து. பாதையில் அறுந்தால், முறிந்த துண்டைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிக் கட்டி, சுமையை இறக்கிவிட்டு, மெதுவாகத் தள்ளிக்கொண்டு வருவதே நல்லது.

இனி பழுது பார்க்கும் முறை:

1. சில்லைக் கழற்றி, டயரையும் டியூபையும் ரிம் நாடாவையும் எடுத்துவிடுங்கள்.

2. முறிந்த துண்டைக் கடைக்குக் கொண்டுபோய் அதே நீளம், அதே தடிப்புள்ள கம்பியை வாங்குங்கள். நீளம் தவறினால் பயனில்லை. செயின் பக்கத்துக் கம்பியென்றால் பிரீவீலைக் கழற்ற வேண்டும்; அதற்குத் தனிச் சாவி தேவைப்படுவதால் கடையிலேயே செய்துகொள்ளுங்கள்.

3. ஹப்பின் அதே பக்கத்தில் ஒன்றுவிட்டு அடுத்துள்ள கம்பியைப் பாருங்கள். அது எதற்கு மேலே, எதற்குக் கீழே போகிறதோ, புதியதையும் அப்படியே பின்னுங்கள்.

4. நிப்பிளைப் போட்டு, பக்கத்துக் கம்பிகளின் இறுக்கம் வரும்வரை திருகுங்கள். டயர் பக்கமிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும். விரலால் தட்டினால் ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறத்தாழ ஒரே ஓசை தரவேண்டும்.

5. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைப் பூட்டிச் சுழற்றுங்கள். சட்டத்தில் ஒரு குச்சியை ரிம்முக்கு அருகே பிடித்தால் நெளிவு தெரியும். ரிம் இடப்பக்கம் சாய்ந்தால், அந்த இடத்தில் வலப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்கி, இடப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஒரேயடியாகத் திருகாதீர்கள்.

6. நிப்பிளுக்கு மேலே நீண்ட கம்பி நுனியை அரத்தால் தேய்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் டியூபைக் குத்தும். பின்பு ரிம் நாடா, டியூப், டயர் போட்டுக் காற்றடித்து, பிரேக்கைச் சரிபாருங்கள்.

நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு நிப்பிள் சாவி, ஓர் அரம், சில கம்பிகள் வாங்கி வைத்தால் ஒவ்வொருவரும் செலவு செய்யத் தேவையில்லை. பெண்களும் வளரும் பிள்ளைகளும் இந்த வேலையைப் பழகட்டும். மாதம் ஒருமுறை கம்பிகளைத் தட்டிப் பாருங்கள். தளர்ந்த கம்பியை இன்றே இறுக்கினால், நாளை சந்தைக்குப் போகும் மரக்கறி பாதையில் நிற்காது.