உங்களுக்குத் தெரியுமா? இறுகிய கையைத் தளர்த்தும் நஞ்சு

தஞ்சைப் பக்கம் நாற்று முடி பிடித்துப் பழகிய கை, பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு முஷ்டியாக இறுகிவிடும். நகம் வெட்டவோ உள்ளங்கையைக் கழுவவோகூட விரல்களைப் பிரிக்க முடியாது. பார்க்கவே வேதனையான இந்த இறுக்கத்தைத் தளர்த்துவது போட்யூலினம். கெட்டுப்போன உணவில் உயிரைப் பறிக்கும் அதே நஞ்சு! மிகச் சிறிய அளவில் ஊசியாகப் போட்டால், தசையைச் சுருங்கச் சொல்லும் நரம்பின் கட்டளையைத் தடுத்துவிடும். அமெரிக்கா இதை 1989-ல் முதலில் அனுமதித்தது மாறுகண்ணுக்கும் இமை இறுக்கத்துக்கும்தான்.

எந்தத் தசையில் போடுவது என்பதில்தான் சூட்சுமம். முன்கையில் விரல்களை மடக்கும் தசைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன; விரல் நுனியை மடக்குவது ஆழத்தில் இருக்கிறது. கையால் தொட்டுப் பார்த்து மட்டும் அதைச் சரியாகப் பிடிப்பது கடினம். அதனால் அல்ட்ராசவுண்ட் திரையில் வெள்ளைக் கோடாகத் தெரியும் ஊசியைப் பார்த்துக்கொண்டே செலுத்துகிறார்கள். ஊசி வழியே லேசாக மின்சாரம் கொடுத்து, எந்த விரல் அசைகிறது என்று பார்ப்பதும் உண்டு.

பலன் சுமார் 3 மாதம் நிற்கும். அதற்குள் விடாமல் பயிற்சி செய்ய வேண்டும். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.