கண்கட்டிக்கு ஒத்தடமா, சாறா?

நியூசிலாந்தின் பாபடோயிட்டோயில் ஒருவருக்கு இமையோரம் சிவந்து, தொட்டால் வலிக்கும் பரு ஒன்று கிளம்பிவிட்டால் வைத்தியம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. மதுரையிலிருந்து அம்மா வாட்ஸாப்பில் கூப்பிட்டு, “நாமக்கட்டியை உரசிப் போடுப்பா, ரெண்டு நாள்ல அமுங்கிடும்” என்பார். அத்தை கிராம்பை உரசச் சொல்வார். ஆங்கிலேய வம்சாவளியில் வந்த பக்கத்து வீட்டு மூதாட்டி, கல்யாண மோதிரத்தைத் தேய்த்துச் சூடாக்கி இமைமேல் வைத்தால் போதும் என்பார். தெற்கு ஆக்லாந்தின் இந்தப் பகுதியில் தமிழரும் பஞ்சாபியரும் ஃபிஜி இந்தியரும் சமோவர், டோங்கர், மாவோரி மக்களோடு அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கிறார்கள். ஒரே தெருவில் கண்கட்டிக்குப் பத்து வைத்தியம் கிடைப்பதில் வியப்பில்லை.

அந்தப் பத்தில் எது உதவும், எது கண்ணைக் கெடுக்கும் என்று பிரித்துப் பார்ப்பது அவசியம். கண்கட்டி அற்பமான நோய்தான்; பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் தானே ஆறிவிடும். அதற்குச் செய்யும் கை வைத்தியம் அத்தனை அற்பமாக முடிவதில்லை.

கட்டி எப்படி வருகிறது? இமைமுடிகளின் வேரையொட்டி மிகச் சிறிய எண்ணெய்ச் சுரப்பிகளும் வியர்வைச் சுரப்பிகளும் உள்ளன. இமையின் உட்பக்கத்தில் செங்குத்தாக வரிசைகட்டி நிற்கும் வேறு வகை எண்ணெய்ச் சுரப்பிகளை 1666-இல் விரிவாக எழுதியவர் ஹைன்ரிஷ் மைபோம் என்ற ஜெர்மானிய மருத்துவர். அவற்றுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. மேலிமையில் மட்டும் இவை ஏறத்தாழ முப்பது இருக்கும். இவை சுரக்கும் எண்ணெய்தான் கண்ணீர்ப் படலத்தின்மேல் மெல்லிய பூச்சாகப் படர்ந்து கண் உலராமல் காக்கிறது. சுரப்பியின் வாய் அடைபட்டு எண்ணெய் தேங்க, தோலில் சாதாரணமாகவே குடியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி அங்கே பெருகினால் சீழ் கட்டுகிறது. முடிவேரில் கட்டினால் வெளிக்கட்டி, மைபோம் சுரப்பியில் கட்டினால் உள்கட்டி. வலியில்லாமல் மொச்சை அளவில் வாரக்கணக்கில் நிற்கும் உருண்டை இன்னொரு வகை: தேங்கிய எண்ணெயைச் சுற்றி உருவாகும் கொழுப்புக் கட்டி. பார்க்கக் கூடாததைப் பார்த்ததால் வந்தது என்று பள்ளிப் பிள்ளைகள் செய்யும் கேலிக்கும் கண்கட்டிக்கும் சம்பந்தமே இல்லை. ‘உடம்புச் சூடு’ என்று பெரியவர்கள் சொல்லும் காரணத்துக்கும் மருத்துவச் சான்று கிடையாது.

சூட்டுக்கு வேறொரு பங்கு உண்டு. அது நோயில் இல்லை, மருந்தில் இருக்கிறது. ஜூன், ஜூலை மாதங்களில் ஆக்லாந்துச் சமையலறையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அடைபட்ட சுரப்பிக்குள் எண்ணெய் அப்படித்தான் இறுகிக் கிடக்கிறது. இதமான சூடு பட்டால் இளகுகிறது, அந்த இடத்தில் இரத்த ஓட்டம் கூடுகிறது, கட்டி தானே உடைந்து வடிய வழி பிறக்கிறது. ஆள்காட்டி விரலை உள்ளங்கையில் பரபரவென்று தேய்த்து இமைமேல் வைக்கச் சொன்ன பாட்டிகளும் மோதிரத்தைத் தேய்க்கச் சொன்ன ஆங்கிலேயரும் இந்த ஒரே உண்மையைத்தான் தொட்டிருக்கிறார்கள். தேய்த்த விரலின் சூடு சில நொடிகளில் ஆறிவிடும் என்பதுதான் குறை. கழுவாத கை என்றால் கிருமியும் கூடவே போகும்.

ஆகவே ஒத்தடம். முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வேண்டும். சுத்தமான சிறு துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, சுடாமல் இதமாக இருந்தால் மூடிய கண்மேல் வைக்கலாம். ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் போதும். ஐந்து முதல் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. பலர் சறுக்குவது ஓர் இடத்தில்தான்: ஈரத்துணியின் சூடு இரண்டு நிமிடத்திலேயே இறங்கிவிடுகிறது, அதைக் கவனிக்காமல் ஆறிய துணியையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மறுபடி மறுபடி வெந்நீரில் நனைக்க வேண்டும். வீட்டிலேயே செய்துகொள்ளும் இமை ஒத்தட முறைகளின் சூடு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் கண் ஆய்வாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். மருந்துக் கடைகளில் விற்கும் கண் ஒத்தடப் பைகள் வந்ததற்குக் காரணமே இந்தச் சிக்கல்தான். சுத்தமான காலுறையில் அரிசியைப் போட்டு மைக்ரோவேவில் சூடாக்குபவர்களும் உண்டு. அதில் ஓரிடம் ஆறியும் ஓரிடம் கொதித்தும் இருக்கும் என்பதால் நன்றாகக் குலுக்கி, கையில் தொட்டுப் பார்த்த பிறகே கண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும். இமைத்தோல் உடம்பிலேயே மிக மெல்லியது, எளிதில் வெந்துவிடும். தேயிலைப் பையை வைப்பவர்களுக்குக் கிடைக்கும் சுகமும் அதன் சூட்டால் வருவதுதான்.

ஒத்தடத்தின் சான்று பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இமையின் உள்கட்டிக்கு அறுவை இல்லாத வைத்தியங்களில் எது பலிக்கிறது என்று, மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் உலகெங்கும் தேடினார்கள். 2017-இல் அவர்கள் புதுப்பித்து வெளியிட்ட அறிக்கையிலும், தகுதியான ஒப்பீட்டுச் சோதனை ஒன்றுகூட அகப்படவில்லை என்றே எழுதியிருக்கிறார்கள். தானே ஆறிவிடும் நோய்க்கு யாரும் பெரிய சோதனை நடத்தவில்லை. ஆனாலும் சுரப்பி வேலை செய்யும் விதத்தோடு ஒத்தடம் பொருந்துகிறது. முறையாகச் செய்தால் தீங்கில்லை, செலவுமில்லை. அதனால்தான் மருத்துவர்கள் முதலில் இதையே சொல்கிறார்கள்.

சாறுகளின் கதை வேறு. நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய், பூண்டு, சுண்ணாம்பு என்று நம் பட்டியல் நீளமானது. இமைமேல் பூசியது வழிந்து கண்ணுக்குள் இறங்க எத்தனை நேரமாகும்? பூண்டும் கிராம்பும் மெல்லிய தோலைப் புண்ணாக்கும். சுண்ணாம்பு கடுமையான காரம், கருவிழியையே அரித்துவிடும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள், கருவிழிப் புண்ணோடு வந்த நோயாளிகளிடம் வருமுன் கண்ணில் என்ன விட்டார்கள் என்று விசாரித்து 1999-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணிசமானோர் ஏதாவது ஒரு நாட்டு மருந்தை விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள். கருவிழிப் புண் கண்கட்டியைவிடப் பல மடங்கு கொடியது. ஆறினாலும் தழும்பு நின்று பார்வையை மறைக்கும். கட்டியை ஆற்றப் போய்க் கருவிழியைப் பணயம் வைக்கும் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

நியூசிலாந்தில் இந்தப் பட்டியலில் இரண்டு சேர்ந்துகொள்கின்றன. ஒன்று கவாகவா. மாவோரி மக்களின் ரோங்கோவா வைத்தியத்தில் பெரிதும் மதிக்கப்படும் இந்த இலை, நம் மிளகுக்கும் வெற்றிலைக்கும் நெருங்கிய உறவு. மூன்றும் ஒரே பேரினம். அதன் களிம்பு தோலுக்கென்று கடைகளில் விற்கப்படுகிறது, கண்ணுக்கு ஆகாது. மற்றொன்று மனுகாத் தேன். இதற்குப் பின்னால் நிஜமான ஆராய்ச்சி உண்டு. ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் கிரெய்க் தலைமையிலான குழு, இமையோர அழற்சிக்காக மனுகாத் தேனிலிருந்து ஒரு களிம்பை உருவாக்கி, மூடிய இமைமேல் இரவில் பூசிப் பாதுகாப்பைச் சோதித்து, முடிவுகளை 2017-இல் வெளியிட்டது. அந்தக் களிம்பு ஆய்வகத்தில் கண்ணுக்கென்றே பக்குவப்படுத்தப்பட்டது. பேரங்காடியில் வாங்கிய தேன் புட்டியில் விரலை விட்டு இமையில் தடவுவதற்கு அந்த ஆய்வைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

ஊரிலிருந்து பெட்டியில் வரும் சொட்டு மருந்துகள் இன்னும் பெரிய கவலை. அவற்றுள் பல, நுண்ணுயிர்க்கொல்லியோடு ஸ்டீராய்டும் கலந்தவை. சிவப்பு மளமளவென்று குறைவதால் ‘நல்ல மருந்து’ என்று பெயர் வாங்கி, வீட்டில் எல்லோர் கண்ணுக்கும் போய்ச் சேர்கின்றன. கண்காணிப்பில்லாமல் ஸ்டீராய்டை விட்டால் கண் அழுத்தம் ஏறலாம், கண்புரை வரலாம், வைரஸ் தொற்று இருந்தால் அது வெறிகொண்டு பரவலாம். நியூசிலாந்தில் குளோராம்ஃபெனிகால் சொட்டு மருந்தை மருந்தாளுநரிடம் பேசி, சீட்டில்லாமலே வாங்கலாம். அது கண்ணில் பூளை கட்டும் தொற்றுக்கானது, கட்டிக்குள் அடைபட்ட சீழுக்கு அதனால் பெரிய பயனில்லை. வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

கட்டியைப் பிதுக்கக் கூடாது, ஊசியால் குத்தவும் கூடாது. ஆறும்வரை கண்மையும் கான்டாக்ட் லென்ஸும் வேண்டாம். நவராத்திரிக் கொலுவுக்கும் நடன அரங்கேற்றத்துக்கும் ஒரே மைக்குச்சி நாலு பேர் கண்ணுக்குப் போகும் வழக்கத்தை நம் வீடுகளில் நிறுத்தியே ஆக வேண்டும். சில மை, சுர்மா வகைகளில் ஈயம் இருப்பது வேறு தனிக் கவலை.

ஒன்றிரண்டு வாரத்தில் குறையாவிட்டால் குடும்ப மருத்துவரிடம் காட்டலாம். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பெரும்பாலான மருத்துவகங்களில் கட்டணமில்லை. கண்ணாடிக் கடையில் இருக்கும் ஆப்டோமெட்ரிஸ்டிடமும் போகலாம். மருந்து எழுதும் அதிகாரம் பெற்றவர்கள் இங்கே அவர்களிலும் உண்டு. நள்ளிரவில் சந்தேகம் வந்தால் ஹெல்த்லைன் 0800 611 116 என்ற இலவச எண்ணில் செவிலியர் பேசுவார், மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். இமை முழுவதும் வீங்கிக் கன்னம்வரை சிவந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, கண்ணை அசைக்கும்போது வலித்தாலோ, பார்வை மங்கினாலோ இரட்டையாகத் தெரிந்தாலோ தொலைபேசியில் நேரம் போக்காமல் அருகிலுள்ள மிடில்மோர் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். தொற்று கண்குழிக்குள் இறங்கியதன் அடையாளங்கள் அவை. பிள்ளைகளிடம் இது வேகமாக முற்றும்.

அடிக்கடி கட்டி வருபவர்கள் இரண்டைச் சோதிக்க வேண்டும். இமையோரத்தில் பொடுகுபோல் செதில் படியும் அழற்சி இருக்கிறதா என்பது ஒன்று. இருந்தால் தினமும் இமையோரத்தைத் துடைத்துச் சுத்தம் செய்வது வழக்கமாக வேண்டும். மற்றது இரத்தச் சர்க்கரை. தெற்காசியருக்கு நீரிழிவு இளவயதிலேயே வருவதால், திரும்பத் திரும்ப வரும் கண்கட்டி அதன் முதல் அறிகுறியாகவும் இருக்கக்கூடும்.

வயதானவர்களுக்கு ஒரே இடத்தில், ஒரே பக்கத்தில் மறுபடி மறுபடி கட்டி வந்தாலோ, அந்த இடத்தில் இமைமுடி உதிர்ந்தாலோ கட்டாயம் கண் மருத்துவரிடம் போக வேண்டும். அதே எண்ணெய்ச் சுரப்பிகளில் வரும் ஒரு புற்றுநோய், கொழுப்புக் கட்டி போலவே வேடமிட்டு நிற்கும். அரிதுதான், ஆனால் இந்தியாவில் காணப்படும் இமைப் புற்றுநோய்களில் அதன் பங்கு மேலைநாடுகளைவிட மிக அதிகம். ஆறாத கட்டியை இமையின் உட்பக்கமாகக் கீறி எடுப்பது, மரத்துப்போக ஊசி போட்டுச் சில நிமிடங்களில் முடிந்துவிடும் சிகிச்சை. அப்போது எடுத்த துணுக்கை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி நோயாளியே வாய்விட்டுக் கேட்கலாம்.