திரும்ப வளராத இரண்டு மில்லிமீட்டர்

சில வாரங்களுக்கு முன், அறிவியல் கூடத்தைப் பூட்டப் போன நேரத்தில் படிவம் நான்கு மாணவி ஒருத்தி வாயைக் கையால் மறைத்துக்கொண்டு வந்து நின்றாள். வலைப்பந்து ஆட்டத்தில் விழுந்ததில் மேல் முன்பல்லின் ஓரம் உடைந்திருந்தது. வலி இல்லை. ஆனால், இரண்டு வாரத்தில் வீட்டில் திருமணம்.

"டீச்சர், டிக் டாக்கில் ஒருவர் வெனீர் ஒட்டித் தருகிறார். வீட்டுக்கே வருவாராம். ஆறு பல்லையும் கொஞ்சம் இழைத்துவிட்டு ஒட்டினால்தான் நிறம் ஒன்றாக இருக்குமாம். ஒட்டலாமா?"

"மற்ற ஐந்து பல்லுக்கு என்ன குறை?" என்று கேட்டேன். அவளிடம் பதில் இல்லை.

பல் மருத்துவர் அல்லாத நான் இதில் தலையிடக் காரணம் இருக்கிறது. என் இடது கீழ்க்கடைவாயில் ஒரு பல் உண்டு. ஆறு வயதில் முளைத்த அந்தப் பல்லுக்கு இதுவரை மூன்று முறை பழுதுபார்ப்பு நடந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் முந்தியதைவிடப் பெரிய வேலை. ஏன் அப்படி என்பதை அவளுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், மாணவர்களே.

கொத்தனார் இல்லாத கட்டடம்

பல்லின் வெளிப்புறத்தை மூடியிருப்பது பற்சிப்பி. மனித உடலில் இதைவிடக் கடினமான பொருள் இல்லை. எடையில் ஏறக்குறைய 96 விழுக்காடு கனிமம். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட் என்னும் படிகங்கள். கடைவாய்ப் பல்லின் மேடுகளில் இது இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். முன்பல்லின் முகத்தில் ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு.

கை எலும்பு முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டுச் சில வாரம் காத்திருக்கிறோம், கூடிவிடுகிறது. எலும்புக்குள் உயிரணுக்கள் இருப்பதால் அது நடக்கிறது. பற்சிப்பியை உருவாக்கிய உயிரணுக்களோ, பல் ஈறைவிட்டு வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. கட்டடம் முடிந்ததும் கொத்தனார்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். இனி ஒரு சுவர் விழுந்தால் கட்டிக்கொடுக்க ஆளில்லை. பல் மருத்துவ அறையில் நடக்கும் அடைத்தல், உறையிடுதல், ஒட்டுதல் எல்லாமே அந்த ஆளில்லாக் குறையைச் சமாளிக்கும் வழிகள்தாம்.

சுவர் எப்படி விழுகிறது? பல்லில் படியும் படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் நாம் குடிக்கும் இனிப்பை அமிலமாக்குகின்றன. பல்லின் மேற்பரப்பில் பிஎச் மதிப்பு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் படிகம் கரையத் தொடங்கும். இனிப்பு உள்ளே போன சில நிமிடங்களில் இது நிகழ்கிறது. உமிழ்நீர் அதைச் சரிசெய்து மேலே கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகிறது. எனவே ஒரு குவளை தே தாரிக்கை ஒரே மூச்சில் குடிப்பவரைவிட, அதையே மாலை முழுக்கச் சிறிது சிறிதாக உறிஞ்சுபவரின் பல்தான் அதிக நேரம் அமிலத்தில் ஊறுகிறது.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. தொடக்கத்தில் குழி விழுவதில்லை. சுண்ணாம்பு போல ஒரு வெள்ளைத் திட்டுதான் தெரியும். அந்தக் கட்டத்தில் உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பற்பசையிலுள்ள புளோரைடும் இழந்த கனிமத்தை மீண்டும் படியவைக்கும். புளோரைடு சேர்ந்த படிகம் பழையதைவிட உறுதியானது. பிஎச் சுமார் 4.5 வரை தாக்குப்பிடிக்கும். நம் நாட்டில் பல மாநிலங்களின் குழாய் நீரில் சிறிதளவு புளோரைடு சேர்ப்பது இதற்காகத்தான். பள்ளிக்கு வரும் பல் மருத்துவக் குழுவைக் கண்டதும் கழிவறைக்குள் ஒளிந்துகொள்கிறவர்கள் இழப்பது இந்தக் கட்டத்தைத்தான். மேற்பரப்பு உடைந்து குழி விழுந்த பிறகு, திரும்பும் வழி இல்லை.

என் பல்லின் கதை

எனக்குப் பதின்மூன்று வயதில் குழி விழுந்தது. அப்போது அடைத்தது வெள்ளிநிற அமல்கம். வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்த தூளுடன் ஏறக்குறைய அதே எடை பாதரசத்தைக் குழைத்தால் சில நிமிடங்களில் இறுகிக் கல்லாகும். மெல்லும் அழுத்தத்தைப் பல ஆண்டுகள் தாங்கும். ஆனால், அது பல்லில் ஒட்டாது. அதனால், பானையைப் போல வாய் குறுகி உள்ளே விரிந்த குழியாகப் பல்லை வெட்டி, அதற்குள் அடைத்து நிறுத்த வேண்டும். சொத்தையோடு சேர்ந்து நல்ல பல்லிலும் ஒரு பகுதி போய்விடும். என் பல்லில் அப்படித்தான் போனது. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் 2013ஆம் ஆண்டு மினமாட்டா உடன்பாட்டுக்குப் பிறகு அமல்கத்தின் இடம் உலகெங்கும் சுருங்கி வருகிறது. அதற்காக, வாயில் நன்றாக இருக்கும் பழைய அடைப்பைப் பயந்து பெயர்க்க வேண்டியதில்லை. பெயர்க்கும்போதும் பல் கொஞ்சம் போகும்.

ஒட்டாத குறையைத் தீர்த்தவர் அமெரிக்காவின் மைக்கேல் புவோனோகோர். உலோகத்தில் சாயம் நன்றாகப் பிடிப்பதற்காகத் தொழிற்சாலைகளில் முதலில் பாஸ்பாரிக் அமிலம் பூசுவார்கள். அதைப் பல்லில் செய்து பார்த்தால் என்ன என்று அவர் யோசித்தார். 1955இல் முடிவை வெளியிட்டார். அரை நிமிடம் அமிலம் பட்ட பற்சிப்பியில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்துளைகள் உண்டாகின்றன. திரவப் பிசின் அவற்றுக்குள் புகுந்து இறுகினால், பல்லும் பிசினும் கோத்த விரல்களைப் போலப் பிடித்துக்கொள்கின்றன. பல்லை அழிக்கிற அமிலமே, அளந்து பூசினால் பல்லைக் காப்பாற்ற உதவுகிறது! அடுத்த சில ஆண்டுகளில் ரஃபேல் போவன் என்பவர், கண்ணாடி போன்ற நுண்துகள் கலந்த வலுவான பிசினை உருவாக்கினார். இன்று பல்லின் நிறத்திலேயே அடைக்கப்படும் காம்போசிட் அந்த வழியில் வந்தது. பானை வடிவில் வெட்ட வேண்டியதில்லை, சொத்தையை மட்டும் எடுத்தால் போதும். நீல ஒளி பட்டதும் சில நொடிகளில் அது இறுகிவிடும். மருத்துவர் ஆரஞ்சு நிறக் கண்ணாடியை இடையில் பிடிப்பது, அந்த நீல ஒளி கண்ணைத் தாக்காமல் வடிகட்டத்தான்.

என் பல்லுக்கு இது தாமதமாக வந்த அறிவு. இருபத்தெட்டு வயதில், தீபாவளி முறுக்கைக் கடித்தபோது அமல்கத்தைச் சுற்றி மெலிந்திருந்த சுவர் ஒரு பக்கமாகப் பிளந்தது. பிளவின் வழியே பாக்டீரியா பற்கூழ் வரை இறங்கிவிட்டது. இரவில் வலி தாங்கவில்லை. அடுத்த வேலை, வேர்க்குழாய் சிகிச்சை.

இந்தச் சிகிச்சையில் நம் மண்ணுக்கு ஒரு பங்கு உண்டு. சீழ்பிடித்த பற்கூழை எடுத்து, வேருக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களைக் கழுவிய பின், அவற்றை இளஞ்சிவப்பு நிற மெல்லிய குச்சிகளால் நிரப்புவார்கள். அந்தக் குச்சியின் பெயர் கட்டாபெர்ச்சா. மலாய்ச் சொல்லான 'கெத்தா பெர்ச்சா' ஆங்கிலேயர் வாயில் இப்படியானது. தீபகற்பத்துக் காடுகளில் வளரும் தாபான் மரத்தின் பால் அது. காட்டுமக்கள் அதைச் சூடாக்கி வளைத்துக் கத்திப்பிடி செய்வதை 1840களில் சிங்கப்பூரில் இருந்த அறுவை மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி கவனித்து லண்டனுக்கு மாதிரி அனுப்பினார். விரைவிலேயே கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக அது உலகைச் சுற்றியது. அதற்காக நம் காடுகளில் கணக்கில்லாமல் மரங்கள் சாய்ந்தன. தந்திக் கம்பி மறைந்துவிட்டது, பல் மருத்துவத்தில் மட்டும் அந்தப் பால் நிலைத்துவிட்டது. இன்றைய குச்சியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் மரப்பால். மிகுதியில் பெரும்பங்கு துத்தநாக ஆக்சைடு.

நம் தாத்தா பாட்டி தோட்டத்தில் சீவிய ரப்பர்ப் பாலும் தாபான் மரப்பாலும் ஒரே மூலக்கூற்று அலகால் ஆனவை. இரண்டும் பாலிஐசோபிரீன். ரப்பரில் சங்கிலியின் தொடர்ச்சி இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கம் அமைகிறது, கட்டாபெர்ச்சாவில் எதிரெதிர்ப் பக்கம். அந்தச் சிறு வேறுபாட்டால் ஒன்று இழுத்தால் நீள்கிறது, மற்றது அறை வெப்பத்தில் கெட்டியாக நின்று சூட்டில் மட்டும் இளகுகிறது. ஓரின மாற்றியம் எதற்குப் பயன் என்று இனி யாரும் வகுப்பில் கேட்கக் கூடாது.

நிரப்பிய பல்லில் மிஞ்சியிருப்பது மெல்லிய சுவர்தான், அது மீண்டும் பிளக்கும். எனவே சுற்றிலும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் செதுக்கி மேலே உறை மாட்டினார்கள். என்னுடையது சிர்கோனியா. இதில் விரிசல் தொடங்கினால், அந்த இடத்துப் படிகங்கள் வடிவம் மாறிச் சற்றே பருத்து விரிசலை நெருக்கிப் பிடிக்கின்றன. அருமையான பொருள்தான். ஆனாலும் அது கடன் வாங்கிய சட்டை.

இந்தப் பல்லும் ஒருநாள் போனால், தாடை எலும்பில் டைட்டேனியம் வேர் பதிக்கலாம். டைட்டேனியத்தோடு எலும்பு ஒன்றிவிடுவதை 1950களில் சுவீடனின் பெர்-இங்வார் பிரோனேமார்க் முயல்களில் ஆய்வு செய்தபோது தற்செயலாகக் கண்டார். உங்கள் வயதில் இதைச் செய்ய மாட்டார்கள். எலும்போடு ஒட்டிய வேர் நகராது, தாடையும் மற்ற பற்களும் வளர்ந்துகொண்டே போகும். சில ஆண்டில் செயற்கைப் பல் மட்டும் பள்ளத்தில் நிற்கும்.

வெள்ளை மோகம்

இனி அழகுக்கான சிகிச்சைகள். முதலில் ஒன்று: பல் தாள் வெள்ளையாக இருக்க வேண்டியதில்லை. பற்சிப்பி ஓரளவு ஒளி ஊடுருவும் பொருள். அதன் அடியிலுள்ள டென்டின் என்னும் அடுக்கு இளமஞ்சள் நிறம். நாம் காண்பது இரண்டும் கலந்த நிறத்தை. எலுமிச்சைச் சாற்றையும் கரித்தூளையும் போட்டுத் தேய்க்கும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். எலுமிச்சையின் பிஎச் சுமார் 2. மேலே சொன்ன 5.5ஐ நினைத்துப் பாருங்கள். கரித்தூள் உரசிச் சிப்பியைத் தேய்க்கிறது. சிப்பி மெலிய மெலிய அடியிலுள்ள மஞ்சள்தான் கூடுதலாகத் தெரியும். வெள்ளையாக்கப் போய் மஞ்சளாக்கிக்கொள்வது இப்படித்தான்.

மருத்துவர் செய்யும் வெண்மையாக்கல் வேறு. அதில் பெராக்சைடு உள்ளே ஊடுருவி, கறை மூலக்கூறுகளை ஆக்சிஜனேற்றம் செய்து உடைக்கிறது. அடைப்பும் உறையும் இதனால் வெளுக்காது. உங்கள் வயதில் பற்கூழ் பெரிதாக இருப்பதால் கூச்சம் எளிதில் வரும். பொதுவாகப் பதினெட்டு வயது வரை பொறுக்கச் சொல்வார்கள்.

வெனீர், பல்லின் முகத்தில் ஒட்டும் மெல்லிய ஓடு. ஹாலிவுட் நடிகர்களுக்குச் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர் படப்பிடிப்புக்கு மட்டும் தற்காலிகமாக ஒட்டிக் கழற்றிய ஓடுகள் இதன் முன்னோடி. இன்றைய பீங்கான் வெனீர் நிரந்தரமாக ஒட்டப்படுவது. பெரும்பாலும் அதற்கு இடம்விட அரை மில்லிமீட்டர் அளவு பல்லைச் சீவ வேண்டும். ஒரு மில்லிமீட்டரே உள்ள இடத்தில் அரை மில்லிமீட்டர்! நன்றாகப் பராமரித்தால் பத்துப் பதினைந்து ஆண்டு வரும். பதினாறு வயதில் தொடங்கினால் வாழ்நாளில் எத்தனை முறை மாற்ற வேண்டும் என்பதை நீங்களே கணக்குப் போடுங்கள். நிறம் மிகவும் கெட்ட பல்லுக்கு அது நல்ல சிகிச்சை என்பதை மறுக்கவில்லை. நல்ல பல்லுக்கு எதற்கு?

வீட்டுக்கு வந்து ஒட்டுகிறவர் எக்ஸ்ரே எடுப்பதில்லை. உள்ளே சொத்தை இருந்தால் அதையும் சேர்த்து மூடிவிடுவார். ஈறோரம் பிசின் வழிந்து நின்றால், அங்கே படலம் சேர்ந்து ஈறு வீங்கி இரத்தம் கசியும். பதிவுபெற்ற பல் மருத்துவர் அல்லாதவர் இதைச் செய்வது 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி குற்றம். சிகிச்சையகத்தில் மருத்துவரின் ஆண்டுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

விளையாட்டில் பல் உடைந்தால் துண்டைத் தேடி எடுத்துப் பாலில் போட்டுக் கொண்டுபோங்கள். சில வேளை அதையே ஒட்டிவிடலாம். நிரந்தரப் பல் முழுதாக விழுந்துவிட்டால் வேரைத் தொடாதீர்கள், தேய்த்துக் கழுவாதீர்கள். உடனே குழியில் பொருத்திப் பிடித்துக்கொள்வது நல்லது; முடியாவிட்டால் பாலில் போட்டு அரை மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேருங்கள். என் மாணவியின் துண்டு திடலில் கிடைக்கவில்லை.

அவள் அம்மாவோடு தாமான் கடைவரிசையிலுள்ள பல் மருத்துவரிடம் போனாள். எக்ஸ்ரே எடுத்து வேருக்குச் சேதமில்லை என்று பார்த்தார். நிற மாதிரிகளைப் பல்லருகே வைத்து 'ஏ2' என்று தேர்ந்தெடுத்தார். அமிலம், பிசின், காம்போசிட், நீல ஒளி. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. பல்லை ஏறக்குறைய சீவவே இல்லை. மற்ற ஐந்து பற்களை அவர் தொடவில்லை.

திருமணம் முடிந்து பள்ளிக்கு வந்தவள் படம் காட்டுவாள் என்று நினைத்தேன். கேள்வியோடு வந்தாள். "டீச்சர், நீல விளக்கை நாலு தடவை காட்டினார். ஒரே தடவையாகப் போட்டு ஒரே தடவை காட்டினால் என்ன?"

ஒளி சுமார் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் சரியாகப் போகும். அதற்குக் கீழே பிசின் பச்சையாகவே கிடக்கும். மேலும், சிறு மூலக்கூறுகள் கைகோத்து பாலிமர் ஆகும்போது பொருள் இரண்டு, மூன்று விழுக்காடு சுருங்குகிறது. மொத்தமாகச் சுருங்கினால் ஓரத்தில் இடைவெளி விழுந்து பாக்டீரியா நுழையும். அடுக்கடுக்காக வைத்தால் அந்த இழுப்பு குறையும். கரும்பலகையில் படம் வரைந்து காட்டினேன். பாலிமர் பாடம் படிவம் ஐந்தில்தான் வருகிறது. அவள் நாக்கால் அந்தப் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டே குறிப்பெடுத்தாள்.