உங்களுக்குத் தெரியுமா? சனிக்கிழமை அடுப்பு மூட்டாத வீட்டுப் பலகாரம்

வெள்ளி பொழுது சாய்ந்தது முதல் சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை, மரபு பேணும் யூத வீட்டில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. முன்பே மூட்டிய சூட்டில் பானை கிடக்கலாம். அவர்களின் சனிக்கிழமைக் காலைச் சாப்பாட்டில் பாதி இந்த விதிக்குள்தான் அடங்கும்.

● ஏமன் யூதர்களின் மலாவாஹ், மதுரைக்காரருக்கு அந்நியமே இல்லை. மைதா, உப்பு, தண்ணீர் சேர்த்துப் பிசைந்து, மெல்லிசாக விரித்து, வெண்ணெய் தடவி, மடித்துச் சுருட்டி, மறுபடி தட்டிக் கல்லில் சுட வேண்டும்; ஆகவே இது அடுப்பு மூட்டும் மற்ற நாட்களுக்கு. பரோட்டா வீசத் தெரிந்தவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா? சால்னாவை மட்டும் தேடாதீர்கள். பழுத்த தக்காளியைச் சமைக்காமல் துருவி வைப்பார்கள். கூடவே அவித்த முட்டை. அப்புறம் பச்சை மிளகாய், மல்லித்தழை, பூண்டு, சீரகம் அரைத்த ஸஹூக். மிக்ஸியைவிட அம்மியில் அரைத்தால் காரம் தனி. 1949-50இல் சுமார் 49,000 ஏமன் யூதர்கள் விமானத்தில் இஸ்ரேலுக்குப் போனார்கள். இந்தச் சமையலும் கூடவே போனது.

● இதே போன்ற மாவைச் சுருட்டி, மூடிய பாத்திரத்தில் இரவெல்லாம் சிறு சூட்டில் விட்டால் ஜஹ்னூன். ஓட்டோடு உள்ளே வைத்த முட்டை விடிவதற்குள் பழுப்பேறிவிடும். சிலிண்டர் விலையை நினைத்தால் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. மின்சார அவன் உள்ளவர்கள் 100 டிகிரியை ஒட்டி வைத்துப் பார்க்கலாம்.

● ஈராக் யூதர்கள் வெள்ளியன்றே கத்தரிக்காயைப் பொரித்து, முட்டையை அவித்து வைத்துவிடுவார்கள். சனி காலை ஆறியபடியே ரொட்டியோடு தட்டுக்கு வரும். தொட்டுக்கொள்ள அம்பா: மஞ்சளும் வெந்தயமும் போட்ட மாங்காய் ஊறுகாய். பம்பாயோடு வணிகம் செய்த பாக்தாத் யூதர்கள் வழியே அது அங்கே போனதாகச் சொல்வார்கள். நத்தம் மாங்காய் வரும் பருவத்தில் போட்டுப் பாருங்கள்.

● மகாராஷ்டிரத்து பெனே இஸ்ரேல் யூதர்கள் எலியா தீர்க்கதரிசிக்கு நன்றி சொல்லிப் படைக்கும் மலிதாவுக்கு அடுப்பே வேண்டாம். நனைத்த அவல், தேங்காய்த் துருவல், வெல்லம் அல்லது சர்க்கரை, ஏலக்காய், பழங்கள். நம்மூர் கிருஷ்ண ஜெயந்தி அவலேதான்!

● மதுரையிலிருந்து தேனி, போடிமெட்டு, மூணாறு வழியே போனால் கொச்சி. 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் அங்கே மட்டாஞ்சேரியில் நிற்கிறது. யூதர்கள் இறைச்சியோடு பாலோ தயிரோ சேர்ப்பதில்லை. தேங்காய்ப்பாலுக்கு அந்தத் தடை கிடையாது. கொச்சி யூதர் வீட்டுக் குழம்புகளில் அது தாராளமாக விழுந்ததில் வியப்பில்லை.

● ஷக்ஷூகா வட ஆப்பிரிக்க யூதர்கள் இஸ்ரேலுக்குக் கொண்டுபோனது. தக்காளி, மிளகாய், சீரகம் வதங்கிக் கெட்டியானதும் குழி பறித்து முட்டையை ஊற்றி, மூடி, சிறுதீயில் வைக்க வேண்டும்; இதுவும் மற்ற நாட்களுக்குத்தான். தேங்காய் அரைத்துவிட்டால் அது நம் முட்டைக் குழம்பு! முட்டையை நேரே வாணலியில் உடைக்காமல், ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் உடைத்துப் பார்ப்பார்கள். ரத்தப் பொட்டு தெரிந்தால் அந்த முட்டை குப்பைக்கு.