முகவரியும் கதவும்

இணைய முகவரி ஒன்றை மேலோடியில் தட்டச்சு செய்ததும் ஒரு பக்கம் திறக்கிறது. "இந்த முகவரிக்கு இந்தப் பக்கம்தான்" என்று தீர்மானிப்பது யார்? உயர்தரத்தில் பைதன் மொழியையும் இணையத்தள உருவாக்கத்தையும் கற்கத் தொடங்கிய பின் எனக்குள் எழுந்த கேள்வி இது. அதற்கான விடையை 'ஜாங்கோ' என்னும் சட்டகத்தைக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

சட்டகம் என்பது எல்லா இணையத்தளங்களுக்கும் பொதுவாகத் தேவைப்படும் வேலைகளை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் செய்நிரல் தொகுப்பு. ஜாங்கோ பைதனில் எழுதப்பட்டது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லோரன்ஸ் நகரப் பத்திரிகை ஒன்றில் பணியாற்றிய ஏட்ரியன் ஹொலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003 இல் இதனை உருவாக்கத் தொடங்கினர். 2005 இல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தும் வகையில் இது வெளியிடப்பட்டது.

முன்னர் பெரும்பாலும் முகவரி என்பது சேவையகத்தில் உள்ள ஒரு கோப்பின் இருப்பிடமாகவே இருந்தது. ஆயிரம் மாணவியரின் பெறுபேறுகளை வெளியிட வேண்டுமானால் ஆயிரம் கோப்புகள் தேவை. ஜாங்கோவில் அப்படியல்ல. முகவரியின் வடிவத்தை மட்டும் எழுதி, அதற்குரிய சார்பின் பெயரைப் பக்கத்தில் குறித்தால் போதும். உதாரணமாக, 'பெறுபேறு' என்ற சொல், ஒரு சாய்கோடு, அதன் பின் ஏதேனும் ஒரு நிறைவெண் என்று ஒரு வடிவத்தை எழுதுகிறோம். ஒருவர் 'பெறுபேறு/245' என்று கேட்டால், ஜாங்கோ 245 ஐப் பிரித்தெடுத்து, பெறுபேற்றைக் காட்டும் சார்பிடம் ஒப்படைக்கும். சார்பு அந்த எண்ணுக்குரிய தகவலைத் தரவுத்தளத்தில் தேடிப் பக்கத்தை ஆக்கித் தரும். ஆயிரம் பேருக்கும் ஒரே வடிவம், ஒரே சார்பு.

இத்தகைய வடிவங்கள் ஒரு பட்டியலாக எழுதப்படுகின்றன. அலுவலக மேசையில் இருப்பவர் பதிவேட்டில் விரலை வைத்து மேலிருந்து கீழாகப் பார்த்து வருவதைப் போல, ஜாங்கோவும் முதல் வரியிலிருந்து ஒப்பிட்டு வரும். பொருந்தும் முதல் வரியிலேயே நின்றுவிடும். ஒன்றும் பொருந்தாவிட்டால் நாம் அடிக்கடி காணும் '404' என்ற செய்தி வரும்.

ஆகவே வரிசை முக்கியம். 'மாணவி' என்பதன் பின் எந்தச் சொல்லும் வரலாம் என்ற வடிவம் மேலேயும், 'மாணவி/புதிய' என்ற அனுமதிப் படிவத்தின் முகவரி கீழேயும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். படிவத்தைக் கேட்பவருக்கு அது ஒருபோதும் கிடைக்காது. 'புதிய' என்பதை ஒரு மாணவியின் பெயராக எண்ணி மேல் வரியே பிடித்துக்கொள்ளும். குறிப்பானது முதலில், பொதுவானது பின்னர் என்பதே விதி.

இனி, பெற்றோரும் கவனிக்க வேண்டிய விடயம். 245 ஐ 246 என மாற்றினால் என்ன நடக்கும்? அதுவும் நிறைவெண்தான், வடிவம் பொருந்தும், சார்பும் இயங்கும். கேட்பவர் யார் என்று முகவரிப் பட்டியல் பார்ப்பதில்லை. வழிகாட்டுவதுடன் அதன் வேலை முடிகிறது. கடவுச்சொல் கேட்டு உள்ளே விடுவதும் போதாது. உள்ளே வந்தவர் தன்னுடைய பெறுபேற்றைத்தான் கேட்கிறாரா என்பதையும் சார்பின் உள்ளே சோதிக்க வேண்டும். அதை எழுத மறந்தால், ஒரு பிள்ளையின் புள்ளிகளும் வீட்டு விலாசமும் தொலைபேசி இலக்கமும் இலக்கம் மாற்றத் தெரிந்த எவருக்கும் தெரிந்துவிடும். இணையப் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு 2021 இல் வெளியிட்ட பத்துப் பெரும் அபாயங்களின் பட்டியலில், இவ்வாறு அனுமதியைச் சரிவரச் சோதிக்காமையே முதலிடத்தில் உள்ளது.

ஏதேனும் ஒரு தளத்தில் இப்படிப் பிறர் விபரம் தெரிந்தால், அதைப் படம்பிடித்துத் தோழியருக்கு அனுப்பாமல், தளத்தை நடத்துவோருக்கு அறிவிப்பதே முறை. பிறருடைய தகவல் நம் கையில் கிடைத்தாலும் அது அமானிதம். செய்நிரல் எழுதப்போகும் நாம் இதை இன்னும் ஒருபடி மேலாக நினைவில் வைக்க வேண்டும். முகவரியை அமைக்க ஒரு வரி போதும். அந்த வரி திறக்கும் கதவின் முன் "இது உங்களுடையதா?" என்று கேட்க இன்னும் சில வரிகள் தேவை. அவற்றையும் எழுதிய பின்னரே வேலை முடிந்ததாகக் கொள்வோம்.