தேக்குப் பெட்டிக்குள் இரண்டு கண்கள்!

உங்களுக்குத் தெரியுமா? கேரளத்தின் அகளி பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது, முகப்பில் இரண்டு லென்ஸ் வைத்த பழைய மரப்பெட்டி கிடந்தால் அதை விறகோடு சேர்த்துவிடாதீர்கள். அது முப்பரிமாணப் படம் எடுக்கும் ஸ்டீரியோ கேமரா!

போட்டோ என்ற அதிசயம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். படத்தை முப்பரிமாணத்தில் காட்டும் கருவியை சார்லஸ் வீட்ஸ்டன் அறிவித்ததோ 1838-ல்! போட்டோ அறிவிப்புக்கே ஒரு வருடம் மூத்தது!

முதலில் ஒரே லென்ஸ்தான். ஒரு படம் எடுத்து, கேமராவைக் கொஞ்சம் நகர்த்தி, இன்னொன்று எடுப்பார்கள். அதுவரை எதிரில் இருப்பவர் அசையக் கூடாது! மான்செஸ்டர்க்காரர் ஜான் பெஞ்சமின் டான்சர் 1856-ல் இரட்டை லென்ஸ் கேமராவுக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டு படமும் ஒரே நொடியில்!

இரண்டே வருடத்தில் நம்ம மதுரையின் ஸ்டீரியோ படத் தொகுப்பே வந்துவிட்டது! வெளியிட்டவர் சென்னை மாகாண அரசின் போட்டோகிராபர் லின்னேயஸ் டிரைப். ஆண்டு 1858. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டியவரும் இவரே. நீளம் சுமார் 19 அடி!

ஸ்டீரியோ ஜோடியில் வலது படத்தையும் இடது படத்தையும் இடம் மாற்றி ஒட்டினால் என்ன ஆகும்? கோபுரம் பின்னால் போகும், வானம் முன்னால் வரும்!

இப்போது என் மனசுக்குப் பிடித்த சங்கதி. இங்கிலாந்தில் செய்த சாதாரண மரக் கேமராக்கள் நம்ம ஊர் வெயிலிலும் மழையிலும் பசை விட்டுப்போய்ப் பிளந்தன. அதனால் வெப்ப நாடுகளுக்கென்றே 'டிராபிக்கல்' மாடல் போட்டார்கள். உடல் முழுக்கத் தேக்கு, மூலைக்கு மூலை பித்தளை! எளிதில் ஈரம் ஊறாது, கரையான் அண்டாது. இன்று ஏலத்தில் சாதாரண மாடலைவிட அதற்குத்தான் மவுசு!

தேக்கு என்றதும் நினைவு வருகிறது. அகளிக்கு மேற்கே சைலண்ட் வேலி காட்டைத் தாண்டினால் நிலம்பூர். அங்கே 1840-களில் நட்ட கனோலி தேக்குத் தோட்டம் இன்னும் நிற்கிறது. உலகிலேயே மிகப் பழைய தேக்குத் தோட்டம் என்று பெயர் வாங்கியது!

சரி, பழைய ஸ்டீரியோ கேமராவுக்கு விலை எதை வைத்து? லென்ஸ் இரண்டும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். ஒன்றை மாற்றியிருந்தால் விலை விழுந்துவிடும்! உள்ளே நடுவில் ஒரு தடுப்பு, கூடவே கண்ணாடி பிளேட் வைக்கும் சட்டங்கள். இவை தொலையாமல் இருந்தால் யோகம்! முக்கியமாக, பளபளப்புக்காகப் புது வார்னிஷ் அடிக்கவே கூடாது. அழுக்கோடு கிடந்தாலும் பழைய மெருகுக்குத்தான் காசு!

2010, வியன்னா ஏலம். 1839-ல் பிறந்த ஒற்றை லென்ஸ் மரக் கேமரா ஒன்று போன விலை 7,32,000 யூரோ. அன்றைய மதிப்பில் சுமார் 4 கோடி ரூபாய்!

'குயின்' இசைக்குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே தெரியுமா? ஸ்டீரியோ படங்கள் என்றால் அவருக்கு உயிர். 1854-ல் தொடங்கி மூடிப்போன லண்டன் ஸ்டீரியோஸ்கோபிக் கம்பெனிக்கு மறுபடி உயிர் கொடுத்தவரே அவர்தான்!

கேமரா சேகரிப்பில் நம்ம ஆள் இளைத்தவரா? மும்பையின் திலீஷ் பரேக் 2003-ல் கின்னஸில் ஏறினார். அவரிடம் இருந்த பழைய கேமராக்கள் 4,425!