கள்ளுண்ணாமையும் உண்பியாமையும்

திருக்குறட் பொருட்பாலின் 93ஆம் அதிகாரம் ‘கள்ளுண்ணாமை’ என்பதை இக்கல்லூரியிற் பயின்றார் யாவரும் அறிவர். அதனையடுத்து நிற்பது ‘சூது’; அதற்கும் அடுத்தது ‘மருந்து’. அறிவை அழிப்பதை முன்னும், பொருளை அழிப்பதை நடுவும், நலிந்த உடலைப் பேணும் வழியைப் பின்னும் வைத்த அம்முறை எண்ணி மகிழத்தக்கது. ஆயினும் வள்ளுவர் காலத்துக்கும் நம் காலத்துக்கும் இடையே பெரியதோர் வேற்றுமை உண்டு. அன்று கள்ளுண்டவன் நடந்து வீடு சேர்ந்தான். வண்டியுடையவனாயின், அவன் உறங்கினும் மாடு வழியறிந்து வாயிலிற் கொண்டுபோய் நிறுத்தியது. இன்று அவன் ஏறுவது மோட்டார் வண்டி. அதற்கு வழி தெரியாது. முன்னே நிற்பது மதிலா, மனிதனா என்பதும் தெரியாது. ஓட்டுவோனின் அறிவே அதன் அறிவு.

மதுவருந்தி வாகனம் ஓட்டுதல், இளம்பருவத்தில் மதுவருந்தப் பழகுதல் ஆகிய இரண்டையும் தடுப்பது எங்ஙனம் என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள். இவை வெவ்வேறு தீமைகள் போலத் தோன்றினும், ஒரே வேரினின்று கிளைப்பன என்பது எம் கருத்து. இலக்கணத்தில் ‘உண்டான்’ என்பது தன்வினை. ‘உண்பித்தான்’ என்பது பிறவினை. விபத்தொன்று நேர்ந்தவிடத்து உண்டவன் யாவன் என்று எல்லோரும் கேட்கின்றோம். உண்பித்தவன் யாவன் என்று கேட்பார் அரியர். இளைஞனின் முதற்கிண்ணமும், சாரதியின் இறுதிக் கிண்ணமும் பல வேளைகளிற் பிறர் விரும்பி ஊற்றிக் கொடுத்தவையே.

மது உடலிற் செய்வது யாது?

மதுசாரம் சோறு கறிகளைப் போலச் செரிமானத்துக்குக் காத்திருப்பதில்லை. சிறு பகுதி இரைப்பையிலும், பெரும் பகுதி சிறுகுடலிலும் உறிஞ்சப்பட்டு நேரே இரத்தத்திற் கலந்து மூளையை அடைகின்றது. அங்கே முதலில் மங்குவது கையுமன்று, காலுமன்று. தன்னைத் தான் மதிப்பிடும் ஆற்றலே. ஆகவேதான் குடித்தவன், “எனக்கு ஒன்றுமில்லை, நான் நிதானமாகவே இருக்கிறேன்” என்கின்றான். அவன் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. நிதானம் குன்றிற்று என்று உணர்த்த வேண்டிய ஆற்றலே முதலிற் குன்றிவிட்டது. அதன் பின்னர் தூரத்தையும் வேகத்தையும் கணிக்கும் திறன் குறைகின்றது. கண் கண்டதற்கேற்பக் கால் தடையை மிதிப்பதற்குத் தாமதமாகின்றது.

கணக்கு ஒன்று காட்டுவாம். நூற்றுக்கு 33 பங்கு மதுசாரமுடைய சாராயத்தில் 180 மில்லிலீற்றர், அதாவது வழக்கிற் ‘கால் போத்தல்’ எனப்படுவது, ஏறத்தாழ 47 கிராம் தனி மதுசாரத்தை உடையது. 70 கிலோகிராம் எடையுள்ள ஆடவன் அதனை வெறுவயிற்றில் விரைந்து அருந்தின், அவனது 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் மதுசாரம் ஏறத்தாழ 100 மில்லிகிராம் வரை உயரும். 50 கிலோகிராம் எடையுள்ள மாணவன் அதே அளவை அருந்தின், அது 140ஐயும் கடக்கும். ஈரல் இதனை அகற்றும் வேகமோ மணிக்குச் சராசரி 15 மில்லிகிராம் அளவே. அவ்வேகத்தைக் கூட்டுவிக்கும் மருந்து நம் வீடுகளில் இல்லை. கடுங்கோப்பியும் தேசிக்காய்ச் சாறும் குளிர்நீர் முழுக்கும் விழிப்பைத் தரலாம், தெளிவைத் தரமாட்டா. இரவு 11 மணிக்குக் கிண்ணத்தைக் கீழே வைத்த ஆடவனின் இரத்தம் தூய்மையடையக் காலை 6 மணியாகும். அம்மாணவனுக்கு 8 மணியும் கடந்துவிடும். கல்யாண வீட்டு விருந்துண்டு, சற்றே கண்ணயர்ந்து, விடியற்காலையில் வண்டியெடுப்போர் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். கசிப்பு அருந்துவோர்க்கு இக்கணக்கும் உதவாது. அதன் வன்மை இன்னதென்று காய்ச்சியவனும் அறியான்.

பொலிஸார் வீதியில் நிறுத்திச் செய்யும் மூச்சுச் சோதனையை நம்மவர் ‘பலூன் ஊதுதல்’ என்பர். இரத்தத்திலுள்ள மதுசாரம் நுரையீரலில் ஆவியாகி மூச்சோடு வெளிவருகின்றது. 2,100 மில்லிலீற்றர் மூச்சிலுள்ள மதுசாரம் ஒரு மில்லிலீற்றர் இரத்தத்திலுள்ளதற்கு ஏறத்தாழ ஒப்பாகும் என்பதே இச்சோதனையின் அடிப்படை. பழைய முறையிற் குழாயினுள் இருந்த பொட்டாசியம் டைகுரோமேற்றுப் பளிங்குகள் மஞ்சள் நிறம் மாறிப் பச்சையாயின. அளவை உடனே காட்டும் கருவியை 1954இல் அமெரிக்கரான றொபேட் போர்க்கென்ஸ்ரைன் அமைத்தார். ஏலமும் கராம்பும் மென்று வாயின் மணத்தை மாற்றலாம்; நுரையீரலினின்று வரும் மூச்சை மாற்றுதல் இயலாது.

மலைநாட்டு வீதியின் இயல்பு

சமநிலத்தில் வீதியை விட்டு விலகிய வண்டி வயலில் இறங்கி நின்றுவிடவும் கூடும். கண்டியைச் சூழ்ந்த வீதிகளிலோ ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் பள்ளம். கொழும்பு வீதி கடுகண்ணாவைக் கணவாயில் வளைந்து வளைந்து ஏறுகின்றது. கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியா செல்லும் வீதி றம்பொடையை அணுகுங்கால் வளைவின்மேல் வளைவாகின்றது. ஹந்தானை, அம்பிட்டிய முதலிய சரிவுகளிலுள்ள ஒழுங்கைகள் பலவற்றில் எதிரெதிராக வரும் இரு வண்டிகள் விலகிச் செல்வதே அரிது. மழையும் மூடுபனியும் இங்கே அடிக்கடி வருவன. நடைபாதையில்லாத இடங்களிற் பாடசாலைப் பிள்ளைகளும் தோட்டத் தொழிலாளரும் வீதியோரமாகவே நடக்கின்றனர்.

மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 11 மீற்றர் கடக்கின்றது. மதுவினால் ஓட்டுவோனின் கால் அரை விநாடி தாமதித்தால், தடையை மிதிக்குமுன் வண்டி இன்னும் ஐந்தரை மீற்றர் சென்றுவிடும். அது இரண்டு முச்சக்கரவண்டிகளின் நீளத்துக்குச் சமம். வளைவுக்கு அப்பால் ஒரு சிறுவன் வீதியைக் கடப்பானாயின், அவன் உயிர் அவ்வைந்தரை மீற்றரில் இருக்கின்றது.

இளமையின் நிலை

மனித மூளை ஏறத்தாழ இருபத்தைந்து வயது வரை முதிர்ந்துகொண்டே இருக்கின்றது. விளைவை எண்ணிப் பார்த்து ஆசையை அடக்கும் பகுதியே இறுதியாக முதிர்வது. ஆகவே மது கெடுக்கும் ஆற்றல் இளைஞனிடத்து இன்னும் நிறைவெய்தாத ஆற்றலாகும். வாகனம் ஓட்டுவதிலும் அவன் புதியவன், குடியிலும் புதியவன். இரத்தத்தில் ஒரே அளவு மதுசாரம் இருப்பினும், முதிர்ந்த சாரதியைவிட இளஞ்சாரதி விபத்தில் அகப்படும் வாய்ப்பு மிகுதி என்பதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. இளவயதிற் குடிக்கத் தொடங்கினார் பிற்காலத்திற் குடிக்கு அடிமையாதலும் மிகுதி. அமெரிக்க நாடு 1984இல் ஒரு சட்டம் இயற்றி, மது வாங்கும் வயதை 21ஆக உயர்த்தாத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியைக் குறைத்தது. மாநிலங்கள் யாவும் அவ்வயதை ஏற்றன. இளஞ்சாரதிகளின் வீதி மரணமும் குறைந்தது.

சட்டமும் அதன் எல்லையும்

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபைச் சட்டம், 21 வயது நிரம்பாதோர்க்கு மதுசாரம் விற்பதைக் குற்றமாக்கிற்று. மது விளம்பரங்களையும் தடுத்தது. போயா தினங்களில் மதுக்கடைகள் மூடப்படுகின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பது சாரதிக்கு வகுத்த எல்லை. இந்தியாவில் அவ்வெல்லை 30 மில்லிகிராமே. 80க்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று எண்ணுவது தவறு. அது தண்டனை தொடங்கும் எல்லையேயன்றிப் பாதுகாப்பின் எல்லையன்று. 50 மில்லிகிராமிலேயே விபத்தின் வாய்ப்பு உயர்ந்துவிடுகின்றது.

சட்டம் தவறணையின் வாயிலிற் காவல் நிற்கின்றது. பேராதனை வீதியிலும் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகிலும் சோதனைக்கு நிற்கக்கூடும். ஆனால் விருந்து மண்டபத்தின் பின்புற வாகனத் தரிப்பிடத்துக்கு அது வருவதில்லை. போயாவுக்கு முதல்நாளே வாங்கி வைத்த போத்தலை அது காண்பதில்லை. சிறிய தந்தையார் ஒருவர், “நீயும் ஆண்பிள்ளைதானே, ஒரு வாய் குடி” என்று பதினேழு வயது மருமகனிடமோ மகனிடமோ கிண்ணத்தை நீட்டும்போது, அங்கே பொலிஸாரும் இல்லை, விற்பவனும் இல்லை. சட்டம் நின்றுவிடும் அவ்விடத்தில் நிற்கக்கூடியோர் நாமே.

உண்பித்தவனையும் கேட்ட நாடு ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் யப்பானின் புக்குவோக்கா நகரிற் குடித்துவிட்டு ஓட்டிய ஒருவரின் வண்டி, பாலத்தின்மேற் சென்ற மற்றொரு வண்டியை மோதிக் கடலில் வீழ்த்திற்று. அதிலிருந்த குழந்தைகள் மூவர் மாண்டனர். நாடு முழுதும் கலங்கியது. 2007இல் யப்பான் தன் சட்டத்தைத் திருத்தி, ஓட்டுவான் என்று அறிந்தும் மது கொடுத்தவரையும், குடித்தவனுக்கு வண்டி கொடுத்தவரையும், அவன் குடித்தமை அறிந்தும் தம்மை ஏற்றிச் செல்லுமாறு கேட்டு உடன் சென்றவரையும் தண்டனைக்குரியோராக்கிற்று. பிறவினைக்கும் பொறுப்பு உண்டு என்பதை அந்நாடு சட்டநூலில் எழுதிவைத்தது.

நம் கடன்

நாம் அத்தகைய சட்டத்துக்குக் காத்திருத்தல் வேண்டா. 1912இல் இலங்கையிற் கள்ளுத் தவறணைகள் பெருகியபோது, ஊர்தோறும் மக்கள் தாமே மதுவிலக்குச் சங்கங்களை அமைத்தனர். பழைய மாணவர் சங்கம் உடைய நமக்கு அது அரிய செயலன்று. யாம் வேண்டுவன சில.

கல்லூரியின் பெயரால் நிகழும் ஒன்றுகூடலிலும் கிரிக்கெற் பெரும்போட்டியிலும் மாணவர் இருக்கும் இடத்தில் மது வேண்டா. பழைய மாணவரின் கூடாரத்தைப் பார்த்தே இளையோர் ஆண்மை இன்னதென்று கற்கின்றனர். கடைக்குச் சென்று போத்தல் வாங்கிவர எந்தப் பிள்ளையையும் ஏவுதல் வேண்டா. குடும்ப விருந்தில் மது இருக்குமாயின், வீடு திரும்பும் ஒவ்வொரு வண்டிக்கும் அன்று ஒரு துளியும் தொடாத சாரதி ஒருவர் முன்னரே குறிக்கப்படுக. சுவீடன், நோர்வே முதலிய நாடுகளில் இது நெடுநாளைய வழக்கம். அத்தகையவர் இல்லையெனின், வண்டியின் சாவியை வீட்டுக்காரர் வாங்கிவைத்து, முச்சக்கரவண்டி ஒன்றை அழைப்பாராக. அன்றேற் பாய் ஒன்றை விரிப்பாராக. பெற்றோர் தம் பிள்ளைக்கு ஒரு வாக்குக் கொடுப்பாராக: எந்நேரமாயினும் தொலைபேசியில் அழைத்தால் வந்து கூட்டிச் செல்வோம், அன்றிரவு ஏசமாட்டோம். அறிவுரையை மறுநாள் கூறலாம். மறுநாள் அவன் இருத்தல் வேண்டும்.

“வந்தவருக்கு ஊற்றாமல் விடுவது மரியாதையோ? சாவியைக் கேட்டால் மனம் நோகாரோ?” என்பார் உளர். விருந்தோம்பலையும் வள்ளுவர் ஓர் அதிகாரமாகவே வைத்தார். விருந்தினரை வாயில்வரை சென்று வழியனுப்புதல் நம் மரபு. அவர் நலமே வீடு சேர்ந்தார் என்ற செய்தி வரும்வரை ஓம்பல் நிறைவெய்தவில்லை என்று கொள்ளுதல் அம்மரபுக்கு இழுக்காகாது.

இவ்விழா மலரில் மூத்த மாணவர் பலர் தம் கல்லூரி நாட்களை நினைந்து எழுதுகின்றனர். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் மாணவர் அடுத்த விழாக்காலத்தில் நரைத்த தலையோடு வந்து அங்ஙனமே எழுதல் வேண்டும். அவருள் ஒருவரேனும் நாம் ஊற்றிய கிண்ணத்தால் நினைவஞ்சலிப் பக்கத்திற்குச் செல்லாதவாறு காத்தல் மூத்தோராகிய நம் கடன். உண்ணாமை அவரவர் நோன்பு. உண்பியாமை நம் அனைவர்க்கும் பொது.